மேல்கைத் தொங்குசதை ஆபரேஷனா? அட்வான்ஸ் கட்டும் முன் படியுங்கள்

சென்னையில் ஒரு காஸ்மெடிக் கிளினிக்கில் என் அக்காவுக்கு நடந்தது இது. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

அக்கா நிறைய எடை குறைத்தவள். உடம்பு இளைத்தும் மேல்கைத் தோல் மட்டும் தொங்கியது. பிளவுஸ் கைக்குள் அதைத் திணித்துத்தான் போடுவாள். கிளினிக்கில் எங்களிடம் பேசியது டாக்டர் இல்லை, கவுன்சிலர் என்று ஒரு பெண். "அக்குள் மடிப்புல சின்னதா ஒரு கோடு, அவ்வளவுதான் மேடம். இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா தள்ளுபடி உண்டு." சர்ஜன் முகத்தையே ஆபரேஷன் அன்று காலையில்தான் பார்த்தோம். ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலம். தியேட்டருக்குக் கூட்டிப்போகும் அவசரத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

இன்று அவள் இரண்டு கைகளிலும் அக்குளில் தொடங்கி முழங்கை வரை சிவந்து தடித்த தழும்பு. அக்குளோடு முடியும் தழும்பு, கொஞ்சமாகத் தளர்ந்த தோலுக்குத்தான் சரிப்படும். எடை குறைந்து தொங்கும் தோலை நீளவாக்கில் வெட்டித்தான் எடுக்க முடியும். லிப்போசக்‌ஷன் கொழுப்பைத்தான் உறிஞ்சும், தோலைக் குறைக்காது. பிளாஸ்டிக் சர்ஜன் யாரும் கையைப் பார்த்த உடனே இதைச் சொல்லிவிடுவார். தெரிந்தே மறைத்தார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

வெட்டிய இடத்தில் கோக்கும் நீரை வெளியேற்ற வைத்த டிரெய்ன் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பிய சில நாளில் இடது கை வீங்கி, தொட்டால் உள்ளே நீர் தளும்பியது. போன் செய்தால் "நார்மல்தான், இறுக்கிக் கட்டுங்க" என்றார்கள். வேறு ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி மஞ்சள் நீரை இழுத்து எடுத்தார்கள். இந்த ஆபரேஷனில் நீர் கோப்பது வழக்கம்தான். நேரில் வரச் சொல்லிப் பார்க்காததுதான் குற்றம். முன்கை உட்புறம் இன்னும் மரத்தே இருக்கிறது. வெட்டும் இடத்தை ஒட்டி உணர்ச்சி நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் மாதக்கணக்கில் மரத்துப்போகும், சிலருக்குத் திரும்பாமலே போகலாம். முன்கூட்டி யாரும் வாய் திறக்கவில்லை.

பணம் கட்டுவதற்கு முன்பே சர்ஜனைப் பாருங்கள். எம்.சி.எச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று கேட்டு, பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபாருங்கள். தழும்பு எங்கிருந்து எதுவரை வரும் என்று உங்கள் கையிலேயே மார்க்கரால் வரையச் சொல்லுங்கள். அந்தத் தழும்பு மங்க ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும். காது குத்திய இடம் தடித்த உடம்பு என்றால் இந்தத் தழும்பும் தடிக்கலாம், சர்ஜனிடம் கட்டாயம் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்குக் கை வீக்க ஆபத்து அதிகம். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்கு, கையை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் உடுப்பு போட வேண்டும். குடம், குழந்தை எதையும் தூக்கக்கூடாது. இன்ஷூரன்ஸ் பொதுவாகக் கிடைக்காது.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 2002 மருத்துவ நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள். எங்களை இழுத்தடித்தவர்கள், இந்த விதியைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்த பிறகுதான் தந்தார்கள். கவுன்சிலரின் வாட்ஸ்அப் செய்தி, பில், தேதியோடு எடுத்த போட்டோ எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 வருஷம்தான் கெடு.