தேக்கா சி வகுப்பு: 240 வெள்ளிக்கு ஒரு அடைப்புக்குறி

சிங்கப்பூர் தேக்காவுல ஒரு கடைவீட்டு மாடியில நடக்குற சி வகுப்புக்கு (புரோகிராம் எழுதுற சி மொழிதான்) நாலு சனிக்கிழமை போயிட்டு வந்தேன். 240 வெள்ளி, படிக்கிறதுக்கு அரசாங்கம் குடுக்குற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் காசு செல்லாது, கைக்காசுதான். கீழ கொஞ்சம் திட்டப் போறதால பேரு போடல.

நாலு வாரமும் ஒரே வேலைதான், எழுத்து, நம்பரையெல்லாம் திரையில அச்சடிக்கிற சியோட பிரிண்ட்எஃப்பை நாமளே எழுதணும். ரைட்னு ஒரு சிஸ்டம் கால் (எழுத்தை வெளிய அனுப்பச் சொல்லி ஓஎஸ்கிட்ட கேக்குறது) மட்டும் குடுப்பாங்க, மத்ததெல்லாம் நம்ம பாடு. மொத வாரம் விஏ லிஸ்ட், விஏ ஆர்க், அதாவது எத்தனை மதிப்பு அனுப்புனாலும் ஒவ்வொண்ணா எடுக்குற வழி. கேரக்டர் (ஒத்தை எழுத்து) அனுப்புனாலும் உள்ள வர்றப்ப இன்ட்டாத்தான் (முழு எண்) வரும், அதனால இன்ட்னுதான் கேட்டு எடுக்கணும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு, அஞ்சு வருஷமா சி எழுதுறேன்னு வெளிய சொல்லிக்கிட்டு திரியுறேன் பாருங்க.

மூணாவது வாரம்தான் சரியான கூத்து. முழு எண்ணை அச்சடிக்கிற பெர்சன்ட் டி எழுதி முடிச்சு 42, மைனஸ் 7 எல்லாம் அழகா வந்துச்சு, வாத்தியார் அண்ணன் கோப்பியை உறிஞ்சிக்கிட்டே "மைனஸ் 2147483648 போட்டுப் பாரு"ன்னாரு. போட்டேன். ஒரு மைனஸ், பக்கத்துல ஒரு அடைப்புக்குறி, அவ்வளவுதான்! அவரு வாயே திறக்கல. அரை மணி நேரம் மண்டைய உடைச்சப்புறம் பிடிபட்டுச்சு: இன்ட்டோட உச்சம் 2147483647, அதனால மைனஸை எடுத்தா அந்த நம்பர் உள்ள அடங்காது, என் லேப்டாப்புல அது மைனஸாவே நின்னுடுச்சு, 10ஆல வகுத்த மீதி மைனஸ் 8, சைபர் எழுத்தோட ஆஸ்கி (எழுத்துக்கு உள்ள நம்பர்) 48ஓட அதைக் கூட்டுனா 40, அது அடைப்புக்குறி. என் லேப்டாப்புல இன்ட்டைவிடப் பெருசான லாங்குக்கு மாத்துனேன், சரியாச்சு. பக்கத்துல இருந்த தம்பியும் அதையேதான் செஞ்சான், ஆனா அவனோடது விண்டோஸ், அங்க லாங்கும் இன்ட் மாதிரியே 32 பிட்தான், மறுபடி அதே அடைப்புக்குறி. லாங் லாங் போட்டுத்தான் தப்பிச்சான்.

ஹெக்ஸ் (16 அடிப்படை எண்), பாயின்டர் (மெமரி முகவரி) எல்லாம் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும், பெருசா ஒண்ணுமில்ல. பிரிண்ட்எஃப் எத்தனை எழுத்து அச்சாச்சுன்னு திருப்பிக் குடுக்கணும்ல, அதுலதான் பாதிப் பேரு டெஸ்டுல கோட்டை விட்டோம்.

குறைன்னா, தசம எண்ணைத் தொடவே இல்ல. விளம்பரத்துல பெர்சன்ட் எஃப்பும் உண்டுன்னுதான் போட்டிருந்தாங்க, கேட்டா "அது அடுத்த கோர்ஸ்"ங்கறாங்க, அதுக்குத் தனி 180 வெள்ளியாம், இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம். பத்துப் பேரு ரூமுல பதினாறு பேரு, பிளக் பாயின்ட் நாலே நாலு, ஏர்கான் வேற ஐஸ்பெட்டி மாதிரி.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். பாயின்டர் தெரியாதவங்க இப்பப் போகாதீங்க. போறவங்க ஸ்வெட்டரும் எக்ஸ்டென்ஷன் வயரும் எடுத்துக்குங்க.