1710-இல் பாடுவது யார்? திருட்டு வானொலியும் அதன் சாயலில் வருபவையும்

அமெரிக்காவில் மத்திய அலை (ஏ.எம்.) ரேடியோவின் முள்ளை வலது கோடிக்குத் தள்ளிக்கொண்டே போனால், 1600 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு குரல் எப்போதாவது சிக்கும். 'திருட்டு வானொலி!' (அதாவது உரிமமில்லாமல் ஒலிபரப்புவது) என்று துள்ளத் தோன்றும். பொறுங்கள், அதே சாயலில் இன்னும் சிலர் அங்கே உலவுகிறார்கள்.

உரிமம் பெற்ற நிலையத்தைக் கழித்துக்கட்டுவது எளிது. மணிக்கொரு முறை அது டபிள்யூ அல்லது கே என்று தொடங்கும் அழைப்புக்குறியையும் ஊர்ப்பெயரையும் சொல்லியாக வேண்டும். சாலை நிலவரம் சொல்லும் பயணத் தகவல் நிலையங்கள் அதைவிட எளிது. 10 வாட் திறன், பேச்சு மட்டும். பல நிலையங்களில் மேல் சுரங்களை வெட்டிவிடுவதால் பழைய தொலைபேசியில் கேட்பது போல இருக்கும். பாட்டு வந்தால் அது இதுவல்ல.

திணறடிப்பது மூன்றாவது ஆள்தான். 'பகுதி 15' என்ற விதியின்படி, 100 மில்லிவாட்டுக்கு மிகாத டிரான்ஸ்மிட்டரை யார் வேண்டுமானாலும் உரிமமின்றி இயக்கலாம். ஆன்டெனா, அதற்குச் செல்லும் கம்பி, தரைக்கம்பி எல்லாம் சேர்ந்து 3 மீட்டர்தான். அழைப்புக்குறி தேவையில்லை; பாட்டு, பிரசங்கம், எதுவும் போடலாம். காதுக்கு இவரும் திருடரும் ஒன்றே. வேறுபாடு தூரத்தில் இருக்கிறது: பகுதி 15 நிலையம் சில தெருக்களில் தேய்ந்துவிடும், மண்ணும் தரைத்தொடர்பும் வாய்த்தால் ஓரிரு கிலோமீட்டர் தாங்கும். நண்பகலில் பத்துக் கிலோமீட்டர் தள்ளியும் கணீரென்று கேட்டால் அது 100 மில்லிவாட் வேலையல்ல. இன்னொரு துப்பு: இந்தச் சலுகை 1705 கிலோஹெர்ட்ஸோடு முடிகிறது. ஆகவே 1710-இல் பாடுபவர் இந்த விதியைக் காட்டித் தப்ப முடியாது.

திருடருக்கென்று சில பழக்கங்கள் உண்டு. உரிமம் பெற்றவர் தம் அலைவரிசையிலிருந்து 20 ஹெர்ட்ஸுக்கு மேல் நகரக் கூடாது; இவர் நகர்வார். மின்சார இரைச்சல் 'ம்ம்ம்' என்று பின்னணி பாடும். ஆனால் அந்த இரைச்சல் உங்கள் வீட்டு எல்.இ.டி. விளக்கிலிருந்தும் வரலாம், விளக்கை அணைத்து, ரேடியோவை பேட்டரியில் ஓட்டிப் பார்க்காமல் யார்மீதும் பழி போடாதீர்கள். இந்தியாவில் வாங்கிய டிஜிட்டல் ரேடியோவாக இருந்தால் அலைவரிசைகளுக்கு இடையே அது தாவும் 9 கிலோஹெர்ட்ஸ் படியை, அமெரிக்க வழக்கப்படி 10-க்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் யோக்கியமான நிலையங்கள்கூடத் தடம் புரண்டதாகத் தெரியும்.

ஆளே இல்லாத ஆவியும் உண்டு. 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அலைவெண் (வரும் அலையை ரேடியோ உள்ளுக்குள் மாற்றிக்கொள்ளும் அலைவெண்) கொண்ட மலிவான ரேடியோவில் 1610-இல் இருக்கும் நிலையம் அதன் இரு மடங்கான 910 தள்ளி, 700-இல் தலைகாட்டும். வேறு ரேடியோவில் கேட்டுப் பாருங்கள். அங்கே மறைந்தால் குற்றம் உங்கள் கருவியுடையது.

எதைக் கொண்டு துப்புத் துலக்குவது? கணினித்திரையில் அலைகளைக் காட்டும் எஸ்.டி.ஆர். (மென்பொருள் வழி இயங்கும் ரேடியோ) அலைவரிசை நகர்வை ஹெர்ட்ஸ் கணக்கில் பிடித்துவிடும். ஆனால் ஒலிபரப்பு எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று சொல்லாது. என் ஓட்டு ஃபெரைட் தண்டு (உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் கறுப்புக் குச்சி) உள்ள சாதாரணக் கையடக்க ரேடியோவுக்குத்தான். அதை மெல்லத் திருப்புங்கள். ஒலி சட்டென்று அமுங்கும்போது தண்டின் முனை டிரான்ஸ்மிட்டரை நோக்கி இருக்கும், அல்லது அதற்கு நேரெதிராக. வேறோர் இடத்தில் நின்று மறுபடி செய்து, வரைபடத்தில் இரு கோடுகள் வெட்டும் இடத்தைப் பாருங்கள். பகலில் மட்டும் செய்யுங்கள். இரவில் வானில் மோதித் திரும்பும் அலை திசையைக் குழப்பிவிடும்.

இத்தனைக்கும் அமெரிக்கத் திருடர்களில் பெரும்பாலோர் எஃப்.எம்.மில்தான் இருக்கிறார்கள். 1700 கிலோஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீள ஆன்டெனா போட 44 மீட்டர் கம்பி வேண்டும். மொட்டைமாடியில் அதை ஒளிப்பது எளிதா என்ன? 2020-இல் வந்த சட்டம் அபராதத்தை நாளொன்றுக்கு 1,00,000 டாலர், மொத்தம் 20 லட்சம் டாலர் வரை உயர்த்தியது. தெரிந்தே இடம் கொடுத்த வீட்டு உரிமையாளரையும் அது விடுவதில்லை. கோடுகள் ஒரு வீட்டில் வெட்டிக்கொண்டால் கதவைத் தட்டப் போகாதீர்கள். நேரத்தையும் அலைவரிசையையும் குறித்து, அமெரிக்காவில் வானொலி உரிமங்களைக் கவனிக்கும் எஃப்.சி.சி. ஆணையத்துக்கு எழுதுங்கள்.