கிட்டா, முழு சிலிண்டரா, ஸ்லீவா? ஒழுகும் கிளட்சுக்கு எது சரி

பண்ருட்டிப் பக்கம் முந்திரித்தோப்புச் செம்மண் பாதையில் என் பழைய ஜீப்பின் கிளட்ச் பெடல் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. கியர் விழவில்லை. எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, செல்ஃப் அடித்ததும் வண்டி ஒரு குதி குதித்து நகர்ந்தது. அப்படியே நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து கடலூர் வந்து சேர்ந்தேன். வழியில் ஒருவர் நல்ல மனதோடு ஸ்டீயரிங் ஆயில் நீட்டினார். ஊற்றியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிப் போயிருக்கும். இந்த மாதிரி வண்டிகளின் கிளட்ச் டப்பாவில் பிரேக் ஆயிலைத் தவிர வேறெதுவும் ஊற்றக் கூடாது.

முதலில் ஒழுகல் எங்கே என்று பார்க்க வேண்டும். பெடலுக்கு மேலே, கால்மிதி ஓரமாக ஈரம் வந்தால் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் சிலிண்டர். கியர்பாக்ஸ் பக்கம் சொட்டினால் ஸ்லேவ், அந்த ஆயில் அழுத்தத்தில் கிளட்சை விடுவிக்கும் சிலிண்டர். எங்கும் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்ல இறங்குகிறது என்றால் மாஸ்டருக்குள்ளேயே ஆயில் ரப்பர் வாஷரைத் தாண்டிப் பின்னால் போகிறது. எனக்கு ஸ்லேவ்.

மஞ்சக்குப்பத்தில் மெக்கானிக் அண்ணன் ஸ்லேவைக் கழற்றி, அதன் வாயை மூடியிருக்கும் ரப்பர் உறையை ('பூட்') உரித்தார். கறுப்புக் கஷாயம் மாதிரி வழிந்தது. துடைத்துவிட்டு, "நகத்த வச்சு இழுத்துப் பாருங்க தம்பி" என்றார். உள்சுவரின் வாய்ப்பக்கம் நகம் மாட்டியது. துருக்குழி.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை விலையை விட இந்த நகம்தான் சொல்லும். கிட், அதாவது உள்ளே போடும் புது ரப்பர் வாஷர்களின் தொகுப்பு, சில நூறு ரூபாயில் முடியும், புது முழு சிலிண்டர் அதைப்போல் பல மடங்கு. அதனால் எல்லோர் கையும் முதலில் கிட் பக்கம்தான் போகிறது. உள்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தால் அதுவே சரி, கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை. குழி இருந்தால் புது வாஷரின் உதட்டை அது அறுத்துவிடும், சீக்கிரமே மறுபடி ஒழுகும். வார்ப்பிரும்பு என்றால் லேசாக ஹோன் போட்டு, அதாவது உரசும் கல்லால் உள்சுவரைத் தேய்த்துப் பார்க்கலாம். பூச்சு ஏற்றிய அலுமினியத்தில் கல் வைத்தால் அந்தப் பூச்சே போய்விடும், பிறகு அது எதற்கும் உதவாது.

நம் கடலோரத்தில் குழி விழுவது இயல்பு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரி. கிளட்சில் கொதிப்பதை விட துருதான் பெரிய தொல்லை. உள்ளே ஈர ஆயில், வெளியே கிழிந்த பூட் வழியாகச் சேறும் உப்புக்காற்றும்.

கிட் போடுகிறவர்கள் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கிளட்ச் பிளேட் தேயத் தேய ஸ்லேவ் பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆழமாக நகர்ந்துவிடும். வாய்ப்பக்கம் வேலையில்லாமல் துரு ஏறும். புது பிளேட் போட்டதும் பிஸ்டன் மறுபடி வெளியே தள்ளி உட்காரும், நேராக அந்தத் துருவின் மேல். 'கிளட்ச் மாற்றியதும் ஆயில் ஒழுகுது' என்ற புலம்பல் பாதி இதனால்தான். பிளேட் மாற்றுகிறீர்கள் என்றால் பழைய ஸ்லேவை நம்ப வேண்டாம். இன்னொன்று, பெட்ரோலிலோ டீசலிலோ சிலிண்டரைக் கழுவி அப்படியே மாட்டும் பழக்கம். ரப்பருக்கு அது விஷம். புது பிரேக் ஆயிலிலேயே கழுவச் சொல்லுங்கள்.

முழு சிலிண்டர் வாங்கினால் தலைவலி குறைவு, அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஸ்லேவில் 19.05 மில்லிமீட்டர் உள்விட்டம் இருந்த இடத்தில் 20.64 போட்டால் மாட்டுவதற்கு மாட்டிவிடும். பெடல் இதமாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவீர்கள். ஆனால் பிஸ்டன் ஓட்டம் கிட்டத்தட்ட 15 சதவீதம் குறையும், கிளட்ச் முழுதாக விடாது, ரிவர்ஸ் கடிக்கும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.

ஸ்லீவ் என்பது லேத் பட்டறை வேலை. சிலிண்டரைக் குடைந்து பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவருவார்கள். பார்ட்ஸ் நின்றுபோன பழைய வண்டிகளுக்கு இதுதான் வழி. நல்ல கை என்றால் புதியதை விட நாள் வரும், துருவும் பிடிக்காது. ஸ்லேவுக்கு நான் ஒத்துக்கொள்வேன். மாஸ்டரில் ஆயில் டப்பாவுக்குத் திரும்ப ஊசித்துளை போல ஒரு துளை உண்டு. அதை மறுபடி அதே இடத்தில், பிசிறில்லாமல் போட வேண்டும். பிசிறு இருந்தால் வாஷர் கிழியும், துளை தள்ளிப் போனால் கிளட்ச் முழுதாகத் திரும்பாமல் பிளேட் வழுக்கிக் கருகும். மாஸ்டருக்கு வேண்டாம்.

சில வண்டிகளில் ஸ்லேவ் கியர்பாக்ஸுக்குள், கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கும். அங்கே இந்த அலசலுக்கே இடமில்லை. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், இறக்கியபின் கிட் என்று கஞ்சம் பிடிக்காதீர்கள்.

நான் ஸ்லேவைப் புதிதாகவே போட்டேன். மாஸ்டர் உள்சுவர் சுத்தமாக இருந்ததால் அதற்குக் கிட். ஆயில் சின்ன பாட்டிலாக, சீல் உடைக்காததாக வாங்கினேன். காற்று வெளியேறும் நிப்பிளில் குமிழி நிற்கும்வரை அண்ணன் "மிதி... விடு..." என்று சொல்லிக்கொண்டே ஏர் எடுத்தார். பெயின்ட் மேல் சிந்தியதை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினோம், விட்டால் உரித்துவிடும்.

பழைய ஸ்லேவைத் தூக்கிப் போடவில்லை. வார்ப்பிரும்பு, உடம்பு கெட்டி. ஸ்லீவ் போட லேத்தில் கொடுத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.