பழைய லீ-என்ஃபீல்ட் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயா, வார்னிஷா?

சுடமுடியாதபடி ஆக்கிய ஒரு .303 லீ-என்ஃபீல்ட் துவக்கு ஹட்டனில் சிநேகிதர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. லைசன்ஸ் கடதாசியெல்லாம் சரி, கட்டைதான், அதாவது துவக்கின் மரப்பகுதிதான், பாவம்.

வார்னிஷ் பூசினால் ஒரே நாளில் வேலை முடியும், பளபளக்கும். ஆனால் பிரிட்டிஷ் பட்டாளத்துத் துவக்குக்கு அந்தப் பளபளப்பு பொருந்தாது. அவர்கள் வால்நட் கட்டைக்குப் போட்டது காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய். வார்னிஷில் ஒரு கீறல் விழுந்தால் மலைநாட்டு ஈரம் அதன் வழியே அடியில் இறங்கும். பிறகு வெள்ளை பூத்து உரியும், முழுவதையும் சுரண்டவேண்டும்.

எண்ணெய்க்குப் பொறுமை வேண்டும். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, கை சூடேறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடவேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் ஒரு பூச்சு காயவே நாட்கணக்காகும். ஆனால் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தடவினால் போதும். என் ஓட்டு இதற்குத்தான்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். அப்புறம், எதைப் பூசினாலும் உப்புத்தாளைத் தொடாதீர்கள்: கட்டையில் குத்திய பட்டாள முத்திரை போனால் போனதுதான்.