கன்மேன் மந்திரிக்கு மட்டும்தானா? சாட்சிப் பாதுகாப்பு, எங்க வீட்டு அனுபவம்

எங்க மாமா ஒரு கொலை கேஸ்ல நேர்ல பார்த்த சாட்சி. கோர்ட்டுல வாயத் தொறந்தா நடக்கறதே வேறன்னு வாசல்ல நின்னு மிரட்டிட்டுப் போனாங்க, அத்தை அன்னைக்கு ராத்திரி பூரா தூங்கல. ஸ்டேஷன்ல போய்ச் சொல்லி, துப்பாக்கியோட ஒரு போலீஸ் காவலுக்கு வேணும்னு கேட்டா "கன்மேன்லாம் மந்திரி எம்எல்ஏவுக்குத்தாம்மா"ன்னு அனுப்பிட்டாங்க. அது தப்புங்க, அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

எஸ்பிஜின்னு பிரதமருக்குன்னே இருக்கற காவல் படை வேற, அது 2019ல சட்டத்தைத் திருத்தினப்புறம் பிரதமர், அவரோட அரசு வீட்ல கூட இருக்கற நெருங்கின குடும்பம், பதவி விட்டு 5 வருஷம் வரைக்கும் முன்னாள் பிரதமர், அவருக்கு ஒதுக்கின வீட்ல கூட இருக்கற நெருங்கின குடும்பம், இவங்களுக்கு மட்டும்தான். நமக்குன்னு இருக்கறது சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018. சாமியார் ஆசாராம் மேல இருந்த பாலியல் வன்கொடுமை கேஸ் சாட்சிங்களத் தாக்கினதுல கெளம்பின வழக்குல, அந்த வருஷம் டிசம்பர் 5ம் தேதி சுப்ரீம் கோர்ட் இதை நாடு பூரா சட்டமாவே ஏத்துக்கணும்னு சொல்லிடுச்சு. தூக்கு, ஆயுள், 7 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை வர்ற கேஸ், பொம்பளைங்க மேல நடக்கற பாலியல் சீண்டல் கேஸ், இதுல சாட்சியா இருந்தா யாரும் கேக்கலாம். அப்பா அம்மா, பொண்டாட்டி புள்ளைங்க, கூடப்பொறந்தவங்க, பேரப்புள்ளைங்களுக்கு மிரட்டல் வந்தாலும் கேக்கலாம்.

வக்கீல் சொல்லி மனு போட்டோம். மாவட்ட ஜட்ஜ் தலைமையில ஒரு கமிட்டி, அதுல மாவட்ட போலீஸ் தலைவரும் உண்டு. டிஎஸ்பி லெவல் ஆபீசர் எவ்ளோ ஆபத்துன்னு விசாரிச்சு 5 வேலை நாள்ல ரிப்போர்ட் குடுக்கணும், ரொம்ப அவசரம்னா அதுக்கு முன்னாடியே இடைக்காலப் பாதுகாப்பு போடலாம், எங்களுக்கு அப்படித்தான் கெடச்சுது. ஆபத்து எவ்ளோன்னு பாத்து சாட்சிங்களப் பிரிப்பாங்க, உயிருக்கே ஆபத்துன்னா ஏ பிரிவு. மாமாவுக்கு துப்பாக்கியோட ஒரு போலீஸ், தெருவுல ரோந்து, வாசல்ல கேமரா, கோர்ட்டுக்குப் போய்வர அரசு வண்டி. கோர்ட்டுல எதிராளிங்க மூஞ்சிலயே முழிக்காத மாதிரி தனியா உக்கார வெச்சாங்க, அதுலதான் மாமாவுக்குத் தெம்பே வந்துச்சு, தடுமாறாம எல்லாத்தையும் சொன்னாரு. காசு எதுவும் கேக்கல, அதுக்குன்னு தனி நிதி இருக்கு.

கொறைன்னா, ஒரு தடவைக்கு 3 மாசம்தான், கேஸ் இழுத்துட்டே போச்சுன்னா திரும்பத் திரும்ப அலையணும். காவலுக்கு வந்த தம்பிக்கு மாத்து ஆள் சரியா வரல, பாவம் எங்க திண்ணையிலயே படுத்துக்கிட்டாரு, அத்தைதான் சாப்பாடு போட்டு ஃபேன் வெச்சுக் குடுத்தாங்க.

இந்தத் திட்டத்துக்கு 5க்கு 4 மார்க் குடுப்பேன். மிரட்டல் வந்தா ஃபோன் நம்பர், தேதி, நேரம் எல்லாத்தையும் அன்னைக்கே எழுதி வெச்சுக்கோங்க, மனுவுல அதான் ரொம்ப உதவுச்சு.