தினசரித் திட்டச் செயலி: சேலத்தில் யாருக்குக் கட்டுப்படியாகும்?

‘எல்லோருக்கும் ஏற்றது’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாத செயலி ப்ளே ஸ்டோரில் கிடையாது. அதை நம்பி இறக்குபவர்களில் பலர் சீக்கிரமே அழித்துவிடுகிறார்கள். குறை செயலியிலா ஆளிலா என்று பார்ப்பதைவிட, எந்த வேலைக்கு எது பொருந்தும் என்று பார்ப்பது உருப்படியான காரியம்.

முதலில் போட்டியில் இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் எவ்வளவு முடியும் என்பதை முகத்துக்கு நேரே சொல்கிற செயலிகள் ஒரு வகை. சாதாரணப் பட்டியலில் இருபது வேலை எழுதினாலும் அது வாங்கிக்கொள்ளும். இவை அப்படி விடாது. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் என்று கேட்டுக் கூட்டிப் பார்க்கும். நாள் நிரம்பினால் எச்சரிக்கும். நீங்கள் சொன்ன நேரத்தையும் உண்மையில் பிடித்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். சன்சாமா இதில் தெரிந்த பெயர். மோஷன் என்பது வேலைகளைத் தானே காலண்டரில் அடுக்கிவிடும் ரகம். இரண்டுக்கும் டாலரில் சந்தா. எதிர்த்தரப்பில் காசில்லாமல் நிற்பவை மூன்று: கூகுள் காலண்டர், மைக்ரோசாஃப்ட் டூ டூ போன்ற பட்டியல் செயலி, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். கடைசியைக் கிண்டலுக்குச் சேர்க்கவில்லை. கிழித்த தாளின் பின்பக்கம் ஏழெட்டு வேலைக்கு மேல் எழுத இடம் இருக்காது. சன்சாமா காசு வாங்கிக்கொண்டு செய்கிற எச்சரிக்கையை அந்தத் தாள் இலவசமாகச் செய்துவிடுகிறது.

இப்படி ஒரு எச்சரிக்கை ஏன் தேவைப்படுகிறது? எந்த வேலையையும் அது எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் குறைவாகவே நாம் மதிப்பிடுகிறோம். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கனடாவில் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்குச் சுமார் 49 என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: அடுத்தவர் வேலைக்குக் கணக்குப் போடும்போது நமக்கு இந்த அசட்டு நம்பிக்கை வருவதில்லை. நேரம் கேட்கிற செயலிக்கு வேலையே இதுதான், நம் நாளை அடுத்தவர் கண்ணால் பார்த்துச் சொல்வது.

இது யாருக்கு அதிகம் பயன்படும் என்றால், தேதி சொல்லி வேலை எடுத்துச் செய்கிறவருக்கு என்பேன். தையல்காரர், கொலுசுப் பட்டறைக்காரர், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்பவர், ஏ.சி. மெக்கானிக் என்று ‘வெள்ளிக்கிழமை தந்துடறேனுங்க’ என்று வாயால் சொல்லிப் பிழைக்கிறவர்கள் எல்லோரும் இதில் அடக்கம்.

சேலம் குகைப் பகுதியில் வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிற ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். லைனிங் பிளவுஸுக்கு எவ்வளவு நேரம் என்றால் ‘ஒன்றரை மணி நேரம்’ என்பார். மெஷினில் உட்கார்ந்த பிறகு என்றால் அது சரிதான். ஆனால் அதற்கு முன்னால் லைனிங் துணியை நனைத்துக் காயப்போட்டு அயர்ன் செய்ய வேண்டும். அளவு பிளவுஸை வைத்துக் குறித்து வெட்ட வேண்டும். தைத்து முடித்த பிறகு கை ஹெம்மிங், கொக்கி, கயிற்றில் தொங்கும் குஞ்சம். நூல் கலர் சேரவில்லை என்றால் கடைவீதிக்கு ஒரு நடை. நடுவில் ஒருவர் வந்து ‘கை மட்டும் கொஞ்சம் நீளமா வெச்சிருங்கக்கா’ என்று நின்றுகொண்டே இருபது நிமிடம் பேசிவிட்டுப் போவார். மாதம் ஒருமுறை பராமரிப்பு மின்தடை வேறு. அன்றைக்குக் காலையிலிருந்து மோட்டார் மெஷின் சும்மா கிடக்கும். நோட்டில் இருப்பதோ பெயர், அளவு, தேதி மட்டும்தான். ஒரே வெள்ளிக்கிழமைக்கு ஒன்பது பிளவுஸ் என்று அந்த நோட்டு ஒருநாளும் கத்தாது.

இவருக்கு சன்சாமா வேண்டாம். அது மேஜையில் கணினி முன்னால் உட்கார்கிறவர்களை மனதில் வைத்துச் செய்தது. கூகுள் காலண்டரே போதும், ஆனால் வழக்கமான விதத்தில் போடக் கூடாது. ‘வெள்ளி: கொடுக்க வேண்டும்’ என்று கொடுக்கும் தேதியைக் குறித்து வைப்பது வீண். தைக்கும் நேரத்தைக் கட்டமாகப் போட வேண்டும்: செவ்வாய் காலை வெட்டு, புதன் மதியம் தையல், வியாழன் மாலை கொக்கி. வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போதே போனைத் திறந்தால் வெள்ளிக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும். இல்லையென்றால் வாய் தானாகத் ‘திங்கட்கிழமை’ என்று சொல்லும். மின்தடை அறிவிப்பு வந்த அன்றே அந்த நாளையும் அடைத்துவிடலாம். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகுகாலத்தில் புதுத் துணியில் கத்திரி வைக்க மாட்டேன் என்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதையும் வாராவாரம் திரும்பும் நிகழ்வாக ஒருமுறை போட்டால் முடிந்தது. எந்த அமெரிக்கச் செயலியும் அதைத் தானாகக் கொண்டுவராது.

செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் டிசைன் செய்கிறவர் விஷயம் வேறு. நாள் முழுக்கக் கணினி முன்னால்தான் இருக்கிறார். வேலைகள் வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் துண்டு துண்டாக வருகின்றன. ‘ஒரு சின்ன கரெக்‌ஷன்’ என்று வருவது ஒவ்வொன்றும் அரை மணி நேரம் தின்கிறது. ஒரு பத்திரிகைக்கு டிசைன் இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்திருப்பவர், திருத்தங்களோடு சேர்த்துப் பிடித்த நேரத்தைப் பார்த்தால் அடுத்த மாதம் ரேட்டையே மாற்றிவிடுவார். காசு கொடுத்து வாங்கத் தகுதியுள்ள ஆள் என்றால் நான் காட்டுவது இவரைத்தான். மோஷன் இவருக்கும் வேண்டாம். நாம் இடைவெளி சொல்லாவிட்டால் அது வேலைகளை நெருக்கி அடுக்கும், கரெக்‌ஷனோ இடைவெளியில்தான் வந்து விழும்.

மோஷன் மேல் எனக்கு இருக்கும் சந்தேகம் மலை ஏறும்போது இன்னும் வலுக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு ஏ.சி. சரிபார்க்கப் போகிற மெக்கானிக்கை நினைத்துப் பாருங்கள். தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. சனிக்கிழமை காலையிலும் கோடை விழா நாட்களிலும் முன்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து திரும்ப முடியாமல் நின்றுவிட்டால், மேலே போட்டுவைத்த மூன்று வீட்டுக் கணக்கும் போச்சு. மலை வேலைக்கு ஒரு நாளில் ஒரே கட்டம், மிச்சம் காலி என்று கையால் போடுகிற காலண்டர்தான் இங்கே ஜெயிக்கும்.

ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் ஐ.டி. பூங்காவிலோ வீட்டிலோ உட்கார்ந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறவருக்கு, மீட்டிங்குகளே நாளை முடிவு செய்துவிடுகின்றன. மீட்டிங் போக மிஞ்சுவது இரண்டரை மணி நேரம்தான் என்பதைக் காட்டும் அளவுக்கு இந்தச் செயலிகள் உதவும். கம்பெனி காசு கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற பெண்களுக்குத்தான் இது வரப்பிரசாதம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிபன் பாக்ஸ், யூனிஃபார்ம், மாமியாரின் மாத்திரை, சிலிண்டர் புக்கிங், பள்ளி வேன் என்று எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் ஏற்றினால் காலை பதினோரு மணிக்குள்ளேயே திரை சிவப்பாகிவிடும். நாள் நிரம்பி வழிகிறது என்று அவருக்குச் சொல்லித் தர ஒரு செயலி வேண்டுமா? அது தெரிய வேண்டியது வீட்டில் மற்றவர்களுக்கு. தனி ஆளுக்கான திட்டச் செயலியைவிட, கணவர் போனிலும் சேர்ந்து ஒலிக்கும் பகிர்ந்த கூகுள் காலண்டர் இங்கே பல மடங்கு மேல். ‘வியாழன் 4.15, வேன் வராது, நீங்க போய்க் கூட்டிட்டு வரணும்’ என்று அவர் போனிலேயே அடித்தால், ‘நீ சொல்லவே இல்லையே’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறவர்களிடம் இந்தச் செயலிகள் ரொம்பப் பிரபலம். அவர்களிடம்தான் எனக்குப் பயமும் அதிகம். மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி, அதில் பாதி தமிழ் என்ற தேர்வுக்கு, காலை ஐந்து முதல் இரவு பதினொன்று வரை கலர் கலராகக் கட்டம் போடுவதே படித்த மாதிரி ஒரு திருப்தி தந்துவிடுகிறது. எச்சரிக்கை வந்தால் பாடத்தைக் குறைப்பதில்லை, நிமிடத்தைக் குறைத்துப் போடுகிறார்கள். தேதி தேர்வாணையம் சொல்வது. யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை, ஏமாற்றினால் கேட்க ஆளும் இல்லை. பாடத்திட்டத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி டிக் அடிப்பது இவர்களுக்கு மேல். செயலியை விட மனமில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் டூ டூ பரவாயில்லை. அதில் ‘என் நாள்’ பக்கம் நள்ளிரவில் காலியாகிவிடும். நேற்று விட்டதெல்லாம் காலையில் குவிந்து நின்று மிரட்டாது.

காப்பித் தோட்டத்துக்கு இது அறவே ஒத்துவராது. ஏற்காட்டில் நவம்பர், டிசம்பர் பழப் பறிப்பு நாட்களில் எத்தனை ஆள் வருவார்கள் என்பது அன்றன்று காலையில்தான் தெரியும். பனிமூட்டம் விலகும் நேரத்தை எந்தச் செயலியும் சொல்லாது. பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் (தோல் உரிக்கும் மெஷின்) ஓட்டியாக வேண்டும். தாமதித்தால் புளித்துக் காப்பியின் சுவையே கெடும். முடியாததை நாளைக்குத் தள்ளுகிற வசதிக்கு இங்கே இடமே கிடையாது. கீழே வெயிலை நம்பி மாவு காயப்போடும் ஜவ்வரிசி ஆலைக்காரர் கதையும் அதேதான். கங்காணியின் பாக்கெட் நோட்டு போதும். ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸுக்கும் அப்படித்தான், டியூட்டி சார்ட்டே பாதித் திட்டம்.

காசு போட முடிவு செய்கிற டிசைனருக்கு ஒரு வார்த்தை. சன்சாமா 14 நாள் இலவசமாகத் தருகிறது. அதை ஆடி மாதத் தொடக்கத்தில், கல்யாண வேலையே இல்லாத நாட்களில் எடுத்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் ஆடி பாதி தாண்டியதும் வரத் தொடங்கிவிடும். ஒரே நாளில் மூன்று பார்ட்டி ‘நாளைக்கே ப்ரூஃப் வேணும்’ என்று உட்காரும்போது கணக்கைத் தொடங்குங்கள், வாங்குவதா வேண்டாமா என்பது நாலாவது நாளே தெரிந்துவிடும்.