தீவனம் வாங்கினால் குதிரையாம்! 36,700 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம் அந்தக் கடை வாசலில் ஒரு மணி நேரம் கத்திவிட்டு வந்தேன். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. விடியக் கறந்து சொசைட்டியில் பாலை ஊற்றிய கையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதால் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, நீங்கள் எப்படித் தப்பிப்பது, இரண்டையும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

கடை பெயரைப் போடவில்லை. வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கும் மச்சான், மனு கொடுக்கும் வரைக்கும் வாயை அடக்கு என்று சொல்லியிருக்கிறார். மேலூர்ப் பக்கம் மாட்டுத் தீவனம், தாது உப்பு, பருத்திக்கொட்டை, புண்ணாக்கு விற்கிற பெரிய கடை. அதற்கு ஒரு ஆப் உண்டு. இவ்வளவு போதும், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எங்களிடம் நான்கு கறவை மாடுகள். மாதம் பன்னிரண்டு மூட்டைத் தீவனம் ஆகும். மூட்டை 1,400 ரூபாய் என்றால் மாதம் 16,800. போன வருஷம் ஆடியில் அந்தக் கடைக்குப் போனபோது போனை வாங்கி ஆப்பை ஏற்றிக் கொடுத்தார்கள். நூறு ரூபாய்க்கு வாங்கினால் ஒரு பாயிண்ட். 200 பாயிண்டுக்குப் பால் கேன், 500-க்கு மிக்ஸி, 1,500-க்குத் தீவனப்புல் நறுக்கும் மெஷின். கடைசியாக 3,000 பாயிண்டுக்கு, நெற்றியில் வெள்ளை விழுந்த செவலைக் குதிரையின் படம் போட்டு, "உயிருள்ள மார்வாடிக் குதிரை" என்று எழுதியிருந்தது. உயிருள்ள என்ற வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

எவனாவது தீவனத்துக்குக் குதிரை தருவானா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தப் புத்தி இருந்தது. ஆனால் எங்கள் அய்யா மதுரை ஜங்ஷனில் குதிரை வண்டி ஓட்டியவர். ஸ்டேஷனிலிருந்து சிம்மக்கல், யானைக்கல், தெப்பக்குளம் என்று ஆள் ஏற்றிக்கொண்டு போவார். ஆட்டோ பெருகிய பிறகு கட்டுப்படியாகாமல் குதிரையை விற்றுவிட்டு ஊருக்கு வந்து மாடு பிடித்தார். இப்போது எழுபத்தெட்டு வயது. இன்றைக்கும் கொள்ளு வேகிற வாசனை வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அவர் கண் முன்னால் கொட்டத்தில் ஒரு குதிரை நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. என் மகனுக்கும் ஆசை. ஆசை இருக்கிற இடத்தில்தான் அவனுங்க கையை வைக்கிறானுங்க.

பத்து மாதம் அங்கேதான் வாங்கினேன். வேறு கடையில் மூட்டைக்கு நாற்பது ரூபாய் குறைவாகக் கிடைத்தும் பாயிண்டுக்காக அங்கேயே போனேன். வைகாசியில் 1,680 பாயிண்ட் சேர்ந்திருந்தது.

அப்போதுதான் கடை வாசலில் பரிசளிப்பு விழா வைத்தார்கள். அழகர் மலைக்குத் திரும்பி இரண்டு மூன்று வாரம் இருக்கும். தங்கக் குதிரையில் அழகரைப் பார்த்த கண்ணோடு போனேன். பந்தல், மைக் செட், ஆளுக்கொரு ரோஸ்மில்க். நடுவில் ஒரு குதிரை, கழுத்தில் சம்பங்கி மாலை. படத்தில் இருந்த அதே செவலை, நெற்றியில் அதே வெள்ளை. பின்னங்கால் ஒன்றில் மட்டும் முட்டி வரைக்கும் வெள்ளை. கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயி என்று சொல்லி ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு, கயிற்றைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கு நினைத்தால் அந்தக் கண்ணீருக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நான் கிட்டப் போய் அதன் கழுத்தில் கையை வைத்தேன். சூடாக இருந்தது. தோல் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது, பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். காகிதத்தில் ஏமாற்றினால் சந்தேகப்பட்டிருப்பேன். கைக்கு அடியில் ரத்தம் ஓடுகிற ஜீவனை வைத்துக்கொண்டு எப்படிச் சந்தேகப்படுவது?

மேனேஜர் பக்கத்தில் வந்தார். முப்பது வயது இருக்கும், நெற்றி நிறைய விபூதி. "அண்ணே, இன்னும் 1,320 பாயிண்ட்தான். பாயிண்ட் பத்து ரூபாய்னு போட்டு நிரப்பிக்கலாம். உங்களுக்காக மட்டும் சொல்றேன், வெளியில சொல்லிராதீங்க" என்றார். 13,200 ரூபாய். குதிரை கேட்பவர்கள் தங்க உறுப்பினராக இருக்க வேண்டுமாம், அதற்கு 5,000. அங்கேயே நின்று ஜிபேயில் போட்டேன். நான்கு நாள் கழித்து போன் வந்தது. ராஜஸ்தானிலிருந்து லாரி வாடகை, இன்சூரன்ஸ், டாக்டர் சர்டிபிகேட், எல்லாம் சேர்த்து 18,500. அதையும் போட்டேன். கூட்டிப் பாருங்கள், 36,700 ரூபாய். ஒரு கறவை மாட்டில் பாதி.

அன்றைக்கு ராத்திரி மேனேஜர் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார், "இதுதான்ணே உங்க குதிரை, ஏத்தப் போறோம்" என்று. அய்யாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். "மார்வாடிக் குதிரைன்னா காது நுனி ரெண்டும் உள்ளுக்கு வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு தொடும்ப்பா. இதுக்கு ஆட்டுக்காது மாதிரில்ல கிடக்கு. பல்லைக் காட்டச் சொல்லு, வயசு பாப்போம்" என்றார். நான் கேட்டேனா? வயசானவர் எதையாவது சொல்வார் என்று விட்டுவிட்டேன். பெற்ற அப்பன், தொழில் தெரிந்தவன் சொன்னதைக் கேட்காமல், விபூதி பூசிய ஒரு பயல் சொன்னதைக் கேட்டேன். பணம் போனதைவிட இதுதான் அறுக்கிறது.

ஆனி பிறந்ததும் வந்துவிடும் என்றார்கள். கொட்டத்துக்குப் பக்கத்தில் கீற்றுப் போட்டு லாயம் கட்டினேன். அய்யா தானே உட்கார்ந்து கயிறு திரித்தார். இருபத்தைந்து கிலோ கொள்ளு வாங்கி வைத்தோம். இந்தச் செலவெல்லாம் 36,700-இல் சேர்த்தி இல்லை.

ஆனி வந்தது. லாரி நாக்பூரில் நிற்கிறது என்றார்கள். அப்புறம் குதிரைக்கு வயிற்று வலி, இறக்கி வைத்தியம் பார்க்கிறோம் என்றார்கள். அப்புறம் அந்த மேனேஜர் லீவு. அப்புறம் ஆப்பில் புகார் போடுங்கள், நம்பர் வரும் என்றார்கள். போட்டேன், நம்பர் வந்தது. ஏழு நாள் கழித்து "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜும் வந்தது. என்னத்தைத் தீர்த்தார்கள்? ஆடி பிறந்ததும், ஆடியில் புது ஜீவனை வீட்டுக்குள் விடக் கூடாதுண்ணே என்று எனக்கே சாஸ்திரம் சொன்னார்கள். ஆடியில்தான் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தையே கூடுகிறது. குதிரை வாங்குகிறவன் எல்லாம் அங்கே போகிற மாதம், எனக்கு மட்டும் ஆகாதாம்.

டாக்டர் சர்டிபிகேட்டையாவது காட்டுங்கள் என்று நச்சரித்ததில் ஒரு போட்டோ அனுப்பினார்கள். எல்லாம் இங்கிலீஷ். எங்கள் மாடுகளுக்கு ஊசி போட வரும் கால்நடை டாக்டரிடம் காட்டினேன். பெரிதாக்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். அது கலப்பினக் கறவைப் பசுவுக்குக் கொடுத்த சர்டிபிகேட், வயது நான்கு, இரண்டாம் ஈத்து! லாரியில் குதிரை ஏற்றுவதற்கு 1978-லேயே விதி இருக்கிறதாம். பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும். கிளாண்டர்ஸ் என்று குதிரைக்கு வரும் நோய் மனிதனுக்கும் தொற்றும், அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு, ஹரியானாவில் ஹிசாரில் குதிரைக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். "நோய் நொடி தெரியாத குதிரையை மிக்ஸி மாதிரி பார்சல் அனுப்ப முடியாதுய்யா" என்றார். இதை வைகாசியில் கேட்டிருக்க வேண்டும்.

போன வாரம் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் சாரட்டு வண்டி. வண்டியில் பூட்டியிருந்த குதிரையைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. செவலை. நெற்றியில் வெள்ளை. பின்னங்கால் ஒன்றில் முட்டி வரைக்கும் வெள்ளை. மாப்பிள்ளை மண்டபத்துக்குள் போனதும் வண்டிக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் பாவம், ஒளிக்கவில்லை. "அதுவா? வைகாசியில தீவனக் கடைக்காரங்க ஒருநாள் வாடகைக்குக் கேட்டாங்கண்ணே. நாலாயிரம் தந்தாங்க. மாலை அவங்களே வாங்கிப் போட்டாங்க."

நாலாயிரம் ரூபாய் வாடகைக் குதிரையைக் காட்டி என்னிடம் மட்டும் 36,700. பந்தலில் அன்றைக்கு நூறு பேராவது இருந்தோம்.

நேற்று நேராகக் கடைக்குப் போனேன். புது மேனேஜர். பழையவர் நின்றுவிட்டாராம். ஆப்பைத் திறக்கச் சொன்னார். என் 3,000 பாயிண்டும் சைபர். 90 நாளில் எடுக்காவிட்டால் காலாவதியாம், விதிமுறையில் இருக்கிறதாம். குதிரையை நீங்கள்தானே கொடுக்கவில்லை, நான் எப்படி எடுப்பது என்று கேட்டால், "சிஸ்டம்ல அப்படித்தாண்ணே காட்டுது." பரிசுப் பட்டியலைத் திறந்தேன். உயிருள்ள என்ற வார்த்தையைக் காணோம். "குதிரை (உருவம் மாறுபடலாம்)" என்று இருந்தது.

நான் குரலை உயர்த்தியதும் கூட்டம் சேர்ந்தது. புது மேனேஜர் உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். ஒரு முழ உயரத்தில் பிளாஸ்டர் குதிரை, தங்க பெயின்ட் அடித்தது. "கோவிச்சுக்காம இதை வச்சுக்கங்கண்ணே, கம்பெனி கிஃப்ட்." இந்தப் பக்கம் அய்யனாருக்குப் புரவி எடுக்கிறவர்கள் நாங்கள். ஆள் உயரத்துக்கு மண் குதிரை செய்து, கண் திறந்து, தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோய் வைப்போம். அந்த மண் குதிரைக்கு இருக்கிற உண்மைகூட இவர்களிடம் இல்லை. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் அய்யா திட்டவில்லை. "மதுரையில குதிரையால ஏமாந்தது நீ மட்டுமாடா? பாண்டிய ராசாவே ஏமாந்தான்" என்றார். எங்களுக்குப் பக்கத்து ஊர்தான் திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். குதிரை வாங்க அரிமர்த்தன பாண்டியன் கொடுத்த பணத்தை அவர் திருப்பெருந்துறையில் கோயில் கட்டச் செலவழித்துவிட, சொக்கநாதர் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிக்கொண்டு வந்தார். ராத்திரியே அதெல்லாம் நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துப் போட்டுவிட்டு ஓடிப்போனது. ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியம்மன் கோயிலில் வருஷா வருஷம் இதை நடத்துகிறார்கள். சரி, அந்த ராசாவுக்காவது ஒரு பொழுது லாயத்தில் குதிரை நின்றது. பணமும் கோயிலுக்குப் போனது. என் 36,700 எந்தக் கோயிலுக்குப் போனது?

வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3,000 பாயிண்டு என்றால் மூன்று லட்சத்துக்குத் தீவனம், 214 மூட்டை. கடைக்கு மூட்டைக்கு நூறு ரூபாய் நின்றால்கூட 21,400 ரூபாய்தான். அதில் ராஜஸ்தானிலிருந்து குதிரை வாங்கி, லாரி வைத்து, என் வீட்டு வாசலில் இறக்குவானா? ஐந்தாம் வகுப்புக் கணக்கு. பத்து மாதமாக எனக்குத் தோன்றவில்லை.

போலீஸுக்கும் போனேன். "குதிரையா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் சிரித்து முடிக்கும் வரை நின்றேன். ரசீது கேட்டார்கள். ரசீது எங்கே? ஜிபே ஸ்கிரீன்ஷாட்தான். பணம் போனதும் தனிநபர் பெயரில் இருக்கிற கணக்குக்கு. அதையும் அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். அங்கே மாடு கத்துகிறது, சட்டென்று சொல்லிவிடுகிறேன். பரிசு வாங்குவதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கடை பெயரில் இல்லாத கணக்குக்குப் பணம் போடாதீர்கள். முதல் நாளே விதிமுறையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் மாற்றுகிறார்கள். ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடியுங்கள், என்னை மாதிரி மூன்று மாதம் கழித்து அடிக்காதீர்கள். 1915 நுகர்வோர் உதவி எண், அங்கே தமிழில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்று மச்சான் சொன்னார். அப்புறம், வீட்டில் தொழில் தெரிந்த பெரியவர் இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் போகிறேன். வைகாசியில் அந்தப் பந்தலில் இருந்தவர்கள், பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு வாருங்கள். பத்து மணிக்கு வாசலில் நிற்பேன், கையில் அய்யா திரித்த கயிறு இருக்கும்.